பழைய பிலிம் கேமராவில் படம் பிழையாக வந்தால்: நெகட்டிவைப் பார்த்துக் காரணம் கண்டறியும் வழிமுறை

கையால் இயக்கும் பிலிம் கேமராவைப் பழகத் தொடங்குபவர்களுக்கு இருக்கும் பெரிய தடை, பிழை நேர்ந்த நாளுக்கும் அது கண்ணில் படும் நாளுக்கும் இடையே உள்ள இடைவெளிதான். படம் கெட்டுப்போன செய்தி, சுருளைக் கழுவி வாங்கும்போதுதான் தெரிகிறது. அதற்குள் எந்த ஷட்டர் வேகத்தை வைத்தோம், வெயில் எந்தப் பக்கம் இருந்தது என்பதெல்லாம் மறந்துபோயிருக்கும். கேமராவின்மேல் பழியைப் போட்டு அதை அலமாரியில் வைத்துவிடுபவர்கள் பலர். அது வேண்டியதில்லை. என்ன நடந்தது என்பதில் பெரும்பகுதி நெகட்டிவிலேயே பதிந்திருக்கிறது. அதை எப்படிப் படிப்பது என்று அறிகுறி வாரியாக இங்கே எழுதுகிறேன்.

எடுத்துக்காட்டுக்கு நான் கொள்வது பென்டாக்ஸ் கே1000. 1976 முதல் 1997 வரை தயாரிக்கப்பட்ட இந்த 35 மி.மீ. கேமராவின் ஷட்டர் முழுக்க முழுக்க இயந்திர முறையில் இயங்குவது. உள்ளே இருக்கும் ஒரேயொரு எல்.ஆர்.44 பொத்தான் பேட்டரி ஒளிமானிக்கு மட்டுமே உதவுகிறது. அது தீர்ந்துபோனாலும் கேமரா படம் எடுக்கும். ஷட்டர் வேகம் 1 நொடியிலிருந்து 1/1000 நொடி வரை, அதோடு விரல் எடுக்கும்வரை திறந்திருக்கும் ‘பி’ நிலை. அதே காலத்தைச் சேர்ந்த பிற இயந்திரக் கேமராக்களுக்கும் இங்கே சொல்வதில் பெரும்பாலானவை பொருந்தும்.

முதலில் ஒன்றைச் செய்யுங்கள்: கழுவக் கொடுக்கும்போதே நெகட்டிவ் கட்டாயம் வேண்டும் என்று சொல்லிவிடுங்கள். ஸ்கேன் செய்த கோப்புகளை மட்டும் அனுப்பிவிட்டு நெகட்டிவைத் திருப்பித் தராத இடங்கள் உண்டு. ஸ்கேனர் வெளிச்சத்தையும் நிறத்தையும் தானாகவே சரிசெய்துவிடுவதால், கோப்பை மட்டும் பார்த்துப் பிழையின் காரணத்தைச் சொல்ல இயலாது. நெகட்டிவை வெள்ளைத் திரையுள்ள கைபேசியின்மேல் பிடித்துப் பாருங்கள். வெளிச்சம் அதிகம் பட்ட இடம் அதில் கறுப்பாகவும், வெளிச்சம் படாத இடம் தெளிந்தும் இருக்கும். ஓரத்தில் துளைகளை ஒட்டி, சுருளின் பெயரும் படங்களின் எண்களும் தெரியும். அந்த எழுத்துகள் தொழிற்சாலையிலேயே ஒளியால் பதிக்கப்பட்டவை, கழுவும்போதுதான் வெளிப்படுகின்றன. கேமராவுக்கும் அவற்றுக்கும் தொடர்பே இல்லை என்பதால், பிழை கேமராவிலா, கழுவிய இடத்திலா என்று பிரித்தறிய அவற்றைவிட நல்ல சாட்சி கிடையாது.

சுருள் முழுவதும் வெறுமையாக இருக்கிறது

ஓர எழுத்துகளைப் பாருங்கள். அவையும் இல்லாமல் சுருள் கண்ணாடிபோல் தெளிந்திருந்தால், கழுவுவதில் தவறு நடந்திருக்கிறது; படம் வெளிப்படுத்தும் கரைசலுக்கு முன்பே நிலைநிறுத்தும் கரைசலை ஊற்றிவிட்டால் இப்படித்தான் ஆகும். எழுத்துகள் தெளிவாக இருந்து படங்கள் மட்டும் இல்லையென்றால், கழுவியவர்மேல் குற்றமில்லை. சுருளின்மேல் வெளிச்சமே படவில்லை.

அதற்குப் பெரும்பாலும் ஒரே காரணம்தான்: சுருளின் முனை உருளையைப் பற்றவில்லை. என் பெரியப்பாவின் அறுபதாம் கல்யாணத்தில் எனக்கு நேர்ந்தது இதுதான். முனையை வலப்பக்க உருளையின் பிளவில் செருகி, மூடியை மூடி, காலையிலிருந்து மதியம்வரை எடுத்தேன். எண்காட்டி 36ஐத் தாண்டிய பிறகும், சுருளை நகர்த்தும் லீவர் முதல் படத்தில் இருந்த அதே இலகுவோடு சுற்றிக்கொண்டிருந்தபோதுதான் ஏதோ தவறு என்று உறைத்தது. சுருள் டப்பாவைவிட்டு ஓர் அங்குலம்கூட நகர்ந்திருக்கவில்லை. மாலை மாற்றியதும், பெரியம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டதும் எதுவும் பதியவில்லை. எண்காட்டி லீவரின் சுற்றுகளைத்தான் எண்ணுகிறது, சுருளின் நகர்வை அல்ல என்பதை அன்று கற்றேன்.

சுருள் நகர்வதைக் காட்டுவது இடப்பக்கம் மேலே உள்ள திரும்பச் சுற்றும் குமிழ். சுருளை மாட்டும்போது முனையைப் பிளவில் நன்றாகச் செருகி, மூடியைத் திறந்த நிலையிலேயே லீவரை ஒருமுறை சுற்றி, பற்சக்கரத்தின் பற்கள் சுருளின் மேல், கீழ் இரு வரிசைத் துளைகளிலும் அமர்ந்திருப்பதைக் கண்ணால் பாருங்கள். பிறகு மூடியை மூடி, குமிழின் மடிப்புக் கைப்பிடியை விரித்து, அம்புக்குறி காட்டும் திசையில் மெல்லச் சுற்றுங்கள். தளர்வு நீங்கி ஒரு தடை விரலில் தட்டுப்பட்டதும் நிறுத்திவிடுங்கள். இதன்பின் லீவரை ஒவ்வொரு முறை இழுக்கும்போதும் குமிழ் அம்புக்குறிக்கு எதிர்த்திசையில் தானாகத் திரும்ப வேண்டும். திரும்பினால் சுருள் நகர்கிறது. திரும்பவில்லையென்றால் அடுத்த படத்தை எடுக்காதீர்கள். சுருள் பற்றவே இல்லையென்றால் அது கெட்டும் போகவில்லை, மீண்டும் மாட்டிப் பயன்படுத்தலாம்.

குமிழ் ஒழுங்காகத் திரும்பியும் வெறும் சுருள் வந்திருந்தால் ஷட்டரைச் சந்தேகிக்க வேண்டும். சுருள் இல்லாத கேமராவின் பின்மூடியைத் திறந்து, லென்ஸை வெளிச்சமான சுவரின் பக்கம் திருப்பி, லென்ஸின் ஒளித்துளையான அபர்ச்சரை முழுதும் திறந்து, ‘பி’ நிலையில் அழுத்துங்கள். வெளிச்சம் தெரிய வேண்டும். அடுத்து 1/60, 1/250, 1/1000 என்று ஏறிக்கொண்டே போங்கள். ஒவ்வொன்றிலும் ஒரு மின்னல்போல் ஒளி தோன்றி மறைய வேண்டும். 1/1000இல் மட்டும் இருட்டாகவே இருந்தால் ஷட்டராக அடுத்தடுத்து ஓடும் இரண்டு திரைகளில் பின்வருவது முன்செல்வதை எட்டிப் பிடித்துவிடுகிறது என்று பொருள். இது பழுதுபார்ப்பவரின் கைக்குப் போக வேண்டிய வேலை.

சுருள் முழுவதும் கறுத்திருக்கிறது

ஓர எழுத்துகளையும் விழுங்கிய கறுப்பு என்றால், சுருள் கேமராவுக்கு வெளியிலோ மூடி திறந்த நிலையிலோ வெளிச்சம் கண்டிருக்கிறது. திரும்பச் சுற்றி முடிப்பதற்குள் மூடியைத் திறந்துவிடுவதே வழக்கமான காரணம். சுற்றும்போது ஒரு கட்டத்தில் முனை உருளையிலிருந்து விடுபடும் மெல்லிய ஓசையும், உடனே கை இலகுவாவதும் தெரியும்; அதன்பிறகும் நான்கைந்து சுற்று சுற்றிவிட்டே திறக்க வேண்டும்.

படங்கள் எல்லாமே வெளிறியோ அடர்ந்தோ வருகின்றன

நெகட்டிவ் வெளிறி, நிழலான இடங்களில் எந்த விவரமும் இல்லாமல் இருந்தால் வெளிச்சம் போதவில்லை. முகங்களும் வானமும் கட்டிக் கறுப்பாக இருந்தால் வெளிச்சம் மிகுந்துவிட்டது. இங்கும் ஓர எழுத்துகளே முதல் சாட்சி. அவையும் சேர்ந்து வெளிறியிருந்தால் கழுவியது குறைவு. அவை வழக்கமான அடர்த்தியில் இருந்தால் கேமராவைப் பாருங்கள்.

முதலில் ஏ.எஸ்.ஏ. எண், அதாவது சுருளின் ஒளியுணர்வைச் சொல்லும் எண். கே1000இல் ஷட்டர் வேகச் சக்கரத்தின் வெளி வளையத்தைத் தூக்கித் திருப்பி அதை வைக்க வேண்டும். 400 எண்ணுள்ள சுருளைப் போட்டுவிட்டு, பழைய சுருளுக்கு வைத்த 100ஐ மாற்றாமல் விட்டால் எல்லாப் படங்களும் இரண்டு ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்பது ஒளி இரட்டிப்பாவது) கூடுதல் ஒளி வாங்கும். வண்ண நெகட்டிவ் சுருள் இதைப் பெரும்பாலும் தாங்கிக்கொள்ளும். தலைகீழாக நடந்தால், அதாவது 100 சுருளுக்கு 400 என்று வைத்துவிட்டால், நிழல்களைத் திரும்பப் பெற வழியில்லை. ஐயம் வரும் இடத்தில் வெளிச்சத்தைக் கூட்டிக் கொடுங்கள் என்று நான் எல்லாருக்கும் சொல்வது இதனால்தான். நெகட்டிவாக இல்லாமல் நேரான படமாகவே வரும் ஸ்லைடு சுருளுக்கு மட்டும் இந்தச் சலுகை கிடையாது.

எண் சரியாக இருந்தால் ஒளிமானியைச் சோதியுங்கள். கே1000இல் ஒளிமானிக்குத் தனி விசை இல்லை. லென்ஸில் வெளிச்சம் விழுந்துகொண்டிருக்கும்வரை அது இயங்கிக்கொண்டே இருக்கும். லென்ஸ் மூடியைப் போட்டு வைப்பதுதான் அணைக்கும் முறை. மூடியில்லாமல் மேசைமேல் கிடந்த கேமராவின் பேட்டரி நெடுநாள் வராது. கண்வைத்துப் பார்க்கும் வியூஃபைண்டரின் வலப்பக்கம் உள்ள முள், இருட்டிலிருந்து வெளிச்சத்துக்குத் திருப்பும்போது தயங்காமல் மேலேற வேண்டும். அசையவில்லையென்றால் புதுப் பேட்டரி போட்டு, அது அமரும் இடத்தில் பச்சை படிந்திருந்தால் துடைத்துவிட்டு மீண்டும் பாருங்கள்.

முள் அசைகிறது, ஆனால் உண்மை சொல்கிறதா என்று தெரிய வேண்டுமானால் வெயில் இருக்கிறது. மேகமில்லாத நாளில், நேர்வெயில் படும் பொருளுக்கு எஃப் 16 என்ற அபர்ச்சரும், ஏ.எஸ்.ஏ. எண்ணுக்கு அருகிலுள்ள ஷட்டர் வேகமும் போதும் என்பது பழைய கணக்கு: 100 சுருளுக்கு 1/125, 400 சுருளுக்கு 1/500. அப்படி வைத்துவிட்டு, வெயில் படும் புல்தரையையோ சாம்பல் நிறச் சுவரையோ நோக்குங்கள். முள் நடுவில் அல்லது அதையொட்டி நின்றால் ஒளிமானியை நம்பலாம். எப்போதும் ஒரே அளவு தள்ளியே நின்றால், ஏ.எஸ்.ஏ. எண்ணை அதற்கேற்ப மாற்றி வைத்து ஈடுசெய்யலாம். ஒரு முறை ஓர் இடத்திலும் மறுமுறை வேறு இடத்திலும் நின்றால், பழுதுபார்க்கும்வரை அந்தக் கணக்கையே கைக்கொண்டு எடுப்பது நல்லது. இதன் ஒளியுணரி காட்மியம் சல்பைடால் ஆனது. கடும் வெயிலைக் கண்ட கையோடு நிழலுக்குள் வந்தால் அது தெளிய நேரம் எடுக்கும். அதைப் பழுது என்று எண்ணாமல் சிறிது பொறுத்து அளக்கவும்.

வெயிலில் எடுத்தவை மட்டும் அடர்ந்து, வீட்டுக்குள் எடுத்தவை சரியாக வந்திருந்தால் காரணம் வேறு. லென்ஸைக் கழற்றி, எஃப் 16இல் வைத்து, பின்புறம் உள்ள சிறு நெம்பை விரலால் தள்ளி விடுங்கள். அபர்ச்சர் இதழ்கள் விரிந்து, விட்டவுடன் சட்டென்று மூட வேண்டும். சோம்பலாக மூடினால் இதழ்களில் எண்ணெய் ஏறியிருக்கிறது. ஷட்டர் திறக்கும் நேரத்துக்குள் அவை சுருங்காததால், நீங்கள் எஃப் 16 வைத்தும் அதைவிட அகன்ற துளையிலேயே படம் பதிந்திருக்கிறது.

முகம் மட்டும் இருண்டுவிடுகிறது

கேமரா பழுதில்லை. முள் காட்டுவது வியூஃபைண்டருக்குள் தெரியும் மொத்தக் காட்சியின் சராசரி. சன்னலுக்கு முன் நிற்பவரையோ, வானம் பாதியை நிரப்பும் கடற்கரைக் காட்சியையோ அளந்தால், முகத்துக்குத் தேவையானதைவிடக் குறைந்த ஒளியைத்தான் அது சொல்லும். வெள்ளை வேட்டியும் வெள்ளைச் சட்டையுமாக ஒரு வரிசை பெரியவர்கள் உட்கார்ந்திருந்தாலும் இதே ஏமாற்றம்தான். முள் அந்த வெள்ளையைச் சாம்பலாக்கப் பார்க்கும். அதே வெளிச்சத்தில் உங்கள் உள்ளங்கையை நீட்டி, காட்சி முழுவதையும் அது நிறைக்கும்படி வைத்து அளந்து, முள் சொல்வதைவிட ஒரு ஸ்டாப் கூட்டி எடுங்கள். கறுத்த மேனியோ வெளுத்த மேனியோ, உள்ளங்கையின் நிறம் ஆளுக்கு ஆள் அதிகம் மாறாது என்பதால் இந்த அளவு யாருக்கும் உதவும்.

செம்மஞ்சள் கீற்றுகளும் வெளிறிய பட்டைகளும்

வெளிச்சம் கேமராவுக்குள் கசிகிறது. பின்மூடியின் விளிம்புகளில் ஒட்டியிருக்கும் கறுப்பு நுரைப்பட்டை, முப்பது நாற்பது ஆண்டுகளில் சிதைந்து தார்போல் பிசுபிசுப்பாகிவிடும். தொட்டால் விரலில் கறுப்பாக ஒட்டிக்கொண்டால் அதன் காலம் முடிந்தது.

கசிவு எந்தப் பக்கம் என்பதைப் படமே சொல்லும். லென்ஸ் காட்சியைத் தலைகீழாகவும் இடவலம் மாற்றியும் சுருளில் விழச் செய்வதால், உங்கள் வலக்கைப் பக்கம் உள்ள கீல் வழியாக நுழையும் ஒளி, நேராக்கிப் பார்க்கும் படத்தில் இடப்பக்கக் கீற்றாகத் தெரியும். கீற்று துளைகளின் ஓரம்வரை பரவியிருந்தால் ஒளி பின்மூடி வழியாக வந்தது. படச் சட்டத்துக்குள் மட்டும் அடங்கியிருந்தால் லென்ஸ் அல்லது ஷட்டர் பக்கமிருந்து வந்தது. இரண்டாவது வகையில், எல்லாப் படங்களிலும் ஒரே இடத்தில் ஓர் ஒளிப்புள்ளி விழுமானால், துணியாலான ஷட்டர் திரையில் ஊசித்துளை இருக்கலாம். லென்ஸுக்கும் திரைக்கும் நடுவே கண்ணாடி இல்லாத வகைக் கேமரா மூடியின்றி வெயிலில் கிடந்தால், லென்ஸ் உருப்பெருக்கிபோல் வேலைசெய்து திரையைப் பொசுக்கிவிடக்கூடும்; கே1000இல் நடுவே உள்ள கண்ணாடி அதைத் தடுத்துவிடும்.

நுரையை நீங்களே மாற்றலாம். நான் புதிதாகப் பழகுபவர்களைச் செய்யச் சொல்லும் ஒரே பழுதுவேலை இதுதான். ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சுக்குச்சியால் பழைய பிசினை ஊறவைத்து, மரப் பற்குச்சியால் பள்ளத்தை ஒட்டி மெதுவாகச் சுரண்டுங்கள். துகள்கள் ஷட்டர் திரையின்மேல் விழாதபடி திறந்த பக்கத்தைக் கீழ்நோக்கிச் சாய்த்துப் பிடிப்பது முக்கியம். திரையை விரலால் தொடவே கூடாது. மேலும் கீழும் உள்ள குறுகிய பள்ளங்களுக்குக் கறுப்புக் கம்பளி நூலே போதுமானது; கீல் ஓரத்துக்கு மட்டும் ஒட்டும் நுரைப்பட்டை வேண்டும். அவசரமாக ஒரு சுருளை எடுத்து முடிக்க வேண்டுமானால், சுருளை மாட்டிய பிறகு மூடியின் இணைப்புகளைச் சுற்றிக் கறுப்பு நாடாவை ஒட்டுங்கள்.

கசிவுக் கீற்று இல்லாமல் சுருள் முழுதும் ஒரே சீராக மங்கி, புள்ளி புள்ளியாக வந்தால், காலாவதியான சுருளோ வெப்பத்தில் கிடந்த சுருளோ காரணம். உதகமண்டலத்தில் இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் தயாரித்த ‘இந்து’ கறுப்பு வெள்ளைச் சுருள்கள் பழைய ஸ்டுடியோ அலமாரிகளில் இருந்து இன்றும் எவர் கைக்காவது வந்தால், அவற்றைப் போற்றி வைத்துக்கொள்ளுங்கள்; திரும்பக் கிடைக்காத ஒரு நாளைப் படமெடுக்க அவற்றை நம்பாதீர்கள்.

நேராக்கிய படத்தில் ஒரு பக்கம் கறுத்துவிட்டது

ஃபிளாஷ் போட்டு எடுத்ததா என்று முதலில் நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். கே1000இல் ஃபிளாஷுக்கு ஏற்ற உச்ச வேகம் 1/60. அதற்கு மேல் போனால் இரண்டு திரைகளுக்கிடையே முழுச் சட்டமும் ஒரே நேரத்தில் திறந்திருக்காது. ஃபிளாஷ் மின்னும் கணத்தில் திறந்த பகுதி மட்டுமே பதியும். ஃபிளாஷ் இல்லாமல், வேகம் ஏற ஏற ஒரு பக்கம் இருண்டுகொண்டே போனால் திரைகளின் ஓட்டம் சீர்குலைந்திருக்கிறது. பழுதுபார்க்கும்வரை 1/250க்கு மேல் போகாமல் எடுக்கலாம். மெதுவான வேகங்களைக் கைபேசியில் ஒலிப்பதிவு செய்து சோதிக்க முடியும்: 1 நொடியில் வைத்து அழுத்தி, திறக்கும் ஓசைக்கும் மூடும் ஓசைக்கும் உள்ள இடைவெளியை அளந்து பாருங்கள். நெடுநாள் உறங்கிய கேமராவில் இந்த வேகங்கள் முதலில் இழுத்துக்கொண்டு நின்றாலும், சுருளின்றி முப்பது நாற்பது தடவை இயக்கியபின் சீராவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

தெளிவில்லாத படங்கள்

படத்தில் ஏதேனும் ஓர் இடமாவது கூர்மையாக இருக்கிறதா என்று உருப்பெருக்கியால் தேடுங்கள். முகம் மங்கி, பின்னால் உள்ள கதவு கூர்மையாக இருந்தால் குவியம் தவறியது. லென்ஸின் குவிய வளையத்தைத் திருப்பி, வியூஃபைண்டர் நடுவட்டத்தின் மினுமினுப்பு அடங்கும் இடத்தைத் தாண்டிப் போய்விட்டுத் திரும்பி வந்து நிறுத்தப் பழகுங்கள். எங்குமே கூர்மை இல்லாமல் எல்லா விளிம்புகளும் ஒரே திசையில் இழுபட்டிருந்தால் கை அசைந்தது, 50 மி.மீ. லென்ஸை 1/60க்குக் கீழே கையில் பிடித்து எடுக்க வேண்டாம்.

பால் படர்ந்ததுபோல் வெளுத்த படங்கள்

லென்ஸைக் கழற்றி, அபர்ச்சரை முழுதும் திறந்து, பின்னாலிருந்து டார்ச் வெளிச்சத்தைச் சாய்வாகச் செலுத்திப் பாருங்கள். சிலந்தி நூல்போல் கிளைவிட்ட இழைகள் தெரிந்தால் பூஞ்சை. கடற்கரை ஊர்களின் ஈரக்காற்றில் இது விரைவில் வரும். தோலுறைக்குள் வைத்தால் இன்னும் விரைவில் வரும். தோலுறையிலிருந்து எடுத்து, காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு வையுங்கள். பூஞ்சை கண்ட லென்ஸை மற்ற லென்ஸ்களிடமிருந்து பிரித்துவிடவும். உள் கண்ணாடிகளைத் துடைக்க வீட்டில் திருகுகளைக் கழற்றக் கூடாது.

கோடுகளும் ஒன்றன்மேல் ஒன்றான படங்களும்

சுருளின் நீளத்துக்கும் ஒரே உயரத்தில் நேர்க்கோடு ஓடினால், பின்மூடியின் அழுத்துத் தகட்டிலோ டப்பாவின் வாயிலோ மணல்துகள் இருக்கிறது. படங்கள் ஒன்றின்மேல் ஒன்று ஏறினால் லீவரை ஒரே வீச்சில் கடைசிவரை இழுக்காமல் விட்டிருப்பீர்கள், அல்லது அடிப்பக்கத்தில் உள்ள திரும்பச்சுற்றும் பொத்தான் உள்ளே சிக்கியிருக்கிறது.

லீவர் நகர மறுக்கிறது

எந்த நிலையிலும் பலத்தைக் காட்டாதீர்கள். முதலில் ஷட்டர் பொத்தானை அழுத்திப் பாருங்கள். ஏற்கெனவே தயார்நிலையில் இருந்தால் லீவர் நகராது. வியூஃபைண்டர் இருண்டிருந்தால், காட்சியை அதற்குத் திருப்பிவிடும் உள்கண்ணாடி மேலேயே நின்றுவிட்டது. அது மோதும் இடத்திலுள்ள நுரை பசையாகி அதைப் பிடித்துக்கொண்டிருக்கலாம். இரண்டும் இல்லாமல் எண்காட்டி 24ஐயோ 36ஐயோ ஒட்டி நின்றால் சுருள் முடிந்தது. அடிப்பொத்தானை அழுத்திவிட்டுத் திரும்பச் சுற்றுங்கள்.

திரும்பச் சுற்றும்போது குமிழ் தடையே இல்லாமல் தொடக்கத்திலிருந்தே சுற்றினால், இழுத்த இழுப்பில் சுருள் டப்பாவிலிருந்து அறுந்துவிட்டது. எடுத்த படங்கள் அனைத்தும் இப்போது வலப்பக்க உருளையில் பாதுகாப்பாக இருக்கின்றன. மூடியைத் திறந்தால்தான் போய்விடும். இரவில், கதவிடுக்கில் துணி செருகிய சன்னலில்லாத அறையில், கைபேசியையும் கைக்கடிகாரத்தையும் வெளியே வைத்துவிட்டு உட்காருங்கள். கண் பழகிய பிறகும் உங்கள் கை உங்களுக்குத் தெரியக் கூடாது. மூடியைத் திறந்து, சுருளின் ஓரங்களை மட்டும் பிடித்து உருளையிலிருந்து மெல்லக் கழற்றிச் சுருட்டி, ஒளிபுகாத கறுப்பு டப்பாவில் இட்டு, மூடியைச் சுற்றி நாடா ஒட்டுங்கள். விளக்கைப் போட்ட பிறகு டப்பாவின்மேல் பெரிய எழுத்தில் எழுதுங்கள்: “உள்ளே கழுவாத சுருள் தனியாக இருக்கிறது. இருட்டறையில் மட்டும் திறக்கவும்.” கொடுக்கும்போது வாயாலும் ஒருமுறை சொல்லிவிடுங்கள்.